பாட்டரி விலை யார் தலையில்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மின்சார ஸ்கூட்டர் இன்று சீமான்கள் வீட்டு விளையாட்டுச் சாமான் அல்ல. விடியுமுன் முதல் ஷிப்டுக்கு ஓடுகிற பஞ்சாலைத் தொழிலாளி வாங்குகிறார். பஸ் வராத ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து ஏறிப் போகிறார்கள். வாங்குகிற அன்று மாலை போட்டுப் பூசை செய்கிறோம். மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ கழித்து ஒரு நாள் வண்டி பாதி வழியில் நிற்கிறது. கம்பெனிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால், "பாட்டரி போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

இந்த விலை எங்கிருந்து வருகிறது? இதை யார் கட்டுகிறார்கள்? யார் கட்ட வேண்டும்? இதைத்தான் இன்று உங்களுடன் சேர்ந்து கணக்குப் பார்க்க விரும்புகிறோம்.

இயந்திரம் நமக்குப் பகையல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மின்சார வண்டியை நாம் எதிர்க்கவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை, செலவு குறைவு. நம் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ராணிப்பேட்டையிலும் நம் தொழிலாளர்களின் கைகள்தான் இந்த வண்டிகளைச் செய்கின்றன. நமது சண்டை வண்டியோடு அல்ல; வண்டியின் லாபத்தை ஒருவன் எடுத்துக்கொண்டு, அதன் நஷ்டத்தை மட்டும் நம் தலையில் கட்டுகிற ஏற்பாட்டோடுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். தினம் 30 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள். மொத்தம் 9,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் வண்டியானால், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 18,000 ரூபாய். மின்சார வண்டி ஒரு யூனிட் மின்சாரத்தில் 30 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைப்போம். வருஷத்துக்கு 300 யூனிட். யூனிட் 7 ரூபாயானால் 2,100 ரூபாய். ஆக மிச்சம் 15,900 ரூபாய். ஐந்து வருஷத்தில் 79,500 ரூபாய். நல்லதுதானே?

இப்போது பாட்டரிக்கு வருவோம். 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும் லித்தியம் பாட்டரிக்குக் கம்பெனிகள் வாங்கும் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அரை லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். 60,000 ரூபாய் என்று வைப்போம். அதன்மேல் வரி 18 சதவிகிதம், 10,800. மொத்தம் 70,800 ரூபாய். ஐந்தாம் வருஷ முடிவில் பாட்டரி போனால், ஐந்து வருஷம் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்ததில் கையில் நிற்பது 8,700 ரூபாய்!

இதையே கூலியாகப் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். 70,800 ரூபாய் என்பது 211 நாள் கூலி. நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்தாலும், இரண்டு வருஷம் உழைத்து ஒரு பைசா செலவழிக்காமல் வைத்தாலும் போதாது. கையில் ரொக்கம் இல்லாதவர் எங்கே போவார்? கந்துவட்டிக்காரன் வீட்டு வாசலுக்குத்தான்.

அதே பாட்டரி எட்டு வருஷம் உழைத்தால்? மிச்சம் 1,27,200 ரூபாய். பாட்டரி போட்டாலும் 56,400 ரூபாய் நம் கையில் நிற்கும். ஆகவே தோழர்களே, பாட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதே எல்லாவற்றுக்கும் அச்சாணி. அந்த அச்சாணி கழன்றால் நஷ்டம் யாருக்கு என்பதே நம் கேள்வி.

வண்டிக்கு 5, பாட்டரிக்கு 18

முதலில் சர்க்காரின் வரியைப் பார்ப்போம். 2019 ஆகஸ்ட் முதல் மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். வண்டிக்குள் இருந்து விற்கப்படுகிற பாட்டரிக்கும் அதே 5 சதவிகிதம்தான். ஆனால் அதே பாட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவிகிதம்! 2025 செப்டம்பரில் வரிகளை மாற்றியமைத்தார்கள். 350 சி.சி. வரையுள்ள பெட்ரோல் மோட்டார் சைக்கிளுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். லித்தியம் பாட்டரி மட்டும் அதே 18-ல் நிற்கிறது.

இதன் பொருள் என்ன? புது வண்டி வாங்க வசதியுள்ளவனுக்குச் சலுகை. பழைய வண்டியை ஓட்டிக் காலம் தள்ளுகிற ஏழைக்குத் தண்டனை. நம் கணக்கில் 5 சதவிகிதமானால் வரி 3,000 ரூபாய். 18 சதவிகிதமாக இருப்பதால் 10,800. வித்தியாசம் 7,800 ரூபாய். ஒரு விவசாயத் தொழிலாளியின் 23 நாள் கூலி!

மான்யக் கதையும் இதுதான். பாட்டரியின் அளவில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று மத்திய சர்க்கார் மான்யம் தந்தது. 2021 ஜூனில் யூனிட்டுக்கு 15,000 ரூபாய், 2023 ஜூனில் 10,000, 2024-ல் 5,000, 2025 ஏப்ரலில் 2,500. வண்டி விலையில் கழித்துக்கொண்டு, கம்பெனிகள் அந்தத் தொகையைச் சர்க்காரிடமிருந்து பெற்றன. கம்பெனிக்குப் புது வண்டி விற்க மக்கள் பணம் உதவியது. உங்கள் வண்டிக்குப் புதுப் பாட்டரி போடுவதற்கோ அந்த மான்யத்தில் ஒரு பைசாகூட இல்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தார்கள், தேங்காய் நம்முடையது!

பூட்டு யார் கையில்?

பாட்டரி என்பது ஒரே கட்டி அல்ல. கைவிரல் பருமனுள்ள சிறு சிறு செல்கள், நூற்றுக்கணக்கில், வரிசை வரிசையாகக் கோத்து ஒரு பெட்டியில் அடைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் கண்காணிக்க ஒரு சிறு மின்பலகை இருக்கிறது. ஒரு வரிசை பலவீனமாகிவிட்டால் அந்தப் பலகை முழுப் பெட்டியையும் நிறுத்திவிடும். நெசவுத் தோழர்களுக்கு இது புரியும்: ஓர் இழை அறுந்தால் தறி நிற்கிறது. அதற்காகத் தறியையே தூக்கி எறிவோமா? இழையை முடிந்து ஓட்டுவோம். இங்கோ கம்பெனி சொல்வது, "முழுப் பெட்டியும் புதிது வாங்கு" என்பதே. வெளி மெக்கானிக் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் ரத்து. சில வண்டிகளில், கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டால்தான் புதுப் பெட்டி வேலையே செய்யும்.

"பாட்டரி ஆபத்தானது, கண்டவன் திறக்கக் கூடாது" என்கிறார்கள். ஆபத்து உண்மைதான். 2022-ல் பல மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததை நாடே பார்த்தது. அதன்பிறகே சர்க்கார் பரிசோதனை விதிகளைக் கடுமையாக்கியது. ஆனால் ஆபத்துக்கு மருந்து பயிற்சி, ஏகபோகம் அல்ல. ஐ.டி.ஐ.யில் படித்த நம் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சி கொடுத்து, சர்ட்டிபிகேட் கொடுத்து, உதிரிச் செல்களை நியாய விலையில் கொடுத்தால் அவர்கள் செய்யமாட்டார்களா?

விலையையும் பாருங்கள். 2010-ல் உலகச் சந்தையில் லித்தியம் பாட்டரி ஒரு யூனிட்டுக்கு 1,000 டாலருக்குமேல் இருந்தது. 2024-ல் புளூம்பெர்க் நிறுவனத்தின் கணக்குப்படி சராசரி 115 டாலர். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் 9,775 ரூபாய். 3 யூனிட்டுக்கு 30,000 ரூபாய்க்கும் குறைவு. இது கார், பஸ் பாட்டரிகளும் சேர்ந்த சராசரி. ஸ்கூட்டருக்கான சிறு பாட்டரியின் அடக்கவிலை கொஞ்சம் கூடுதல்தான். ஏற்றுகூலி உண்டு, கடைச் செலவு உண்டு. எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மடங்கு ஆவானேன்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?

ஐரோப்பிய யூனியன் பாட்டாளிகளின் ராஜ்யம் அல்ல. அங்கேயே 2023-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றில் 25 கிலோவுக்கு உட்பட்ட பாட்டரியையும் அதனுள் இருக்கும் தனிச் செல்களையும் கம்பெனியைச் சேராத தொழில்நுட்பக்காரர் கழற்றி மாற்றக்கூடியதாகவே செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் பூட்டுப் போட்டுத் தடுக்கக் கூடாது. 2027 பிப்ரவரி 18 முதல் இது அமல் என்று விதித்திருக்கிறார்கள். நம் நாட்டிலோ 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தார்கள். கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அதனுடன் வரவில்லை.

இன்றே செய்யக் கூடியது

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பாட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு சக்தி குறைந்தால் மாற்றித் தருவீர்கள்? இன்று புதுப் பாட்டரி என்ன விலை? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில கம்பெனிகள் 8 வருஷம், 80,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் தருகின்றன. அதற்குத் தனிப்பணம் கேட்பவையும் உண்டு. மலிவு என்று ஈயப் பாட்டரி வண்டி வாங்கினால், ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாட்டரிச் செலவு வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வெயில்தான் பாட்டரிக்கு எமன். ஆலை வாசலில், வரப்போரத்தில் நிழல் பார்த்து நிறுத்துங்கள். ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். அடியோடு தீரும்வரை ஓட்டாதீர்கள். வண்டியோடு தந்த சார்ஜரைத் தவிர வேறு போடாதீர்கள். பழைய பாட்டரியைச் சும்மா கொடுத்துவிட்டு வராதீர்கள். அதில் செம்பு இருக்கிறது. பலவற்றில் நிக்கல், கோபால்ட்டும் உண்டு. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பழையதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. உத்தரவாதக் காலத்தில் ஏமாற்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

நம் கோரிக்கைகள்

ஆனால் தனித்தனியே எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் கம்பெனியின் முன் தனியாள் சிறியவன்தான். ஒன்றாகக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. சார்ஜரைத் தனியாக விலை போட்டு விற்ற சில கம்பெனிகள், புகார் எழுந்து சர்க்கார் விசாரித்த பிறகு, 2023-ல் வாங்கியவர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஆகவே நாம் கோருவது இவை:

1. தனியாக வாங்கும் பாட்டரிக்கும் வரி 5 சதவிகிதமே இருக்க வேண்டும்.

2. எட்டு வருஷ உத்தரவாதம், தனிப்பணம் இல்லாமல், சட்டப்படி கட்டாயமாக வேண்டும்.

3. பழுது பார்க்கும் உரிமை சட்டமாக வேண்டும். கம்ப்யூட்டர் பூட்டு ஒழிய வேண்டும். உதிரிச் செல்களின் விலையைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

4. ஐ.டி.ஐ.களில் பாட்டரிப் பழுது பார்க்கும் பயிற்சியும், தாலுகாதோறும் பொதுப் பழுது நிலையமும் வேண்டும்.

5. பாட்டரி வாங்கக் கூட்டுறவு வங்கிகளில் குறைந்த வட்டிக் கடன் வேண்டும்.

இந்த ஐந்தையும் உங்கள் சங்கக் கிளையில் தீர்மானமாகப் போடுங்கள். மாநில நிதி அமைச்சருக்கு அனுப்புங்கள், ஜி.எஸ்.டி. கவுன்சிலில் அவருக்கும் குரல் உண்டு. ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் கையெழுத்து வாங்குங்கள். யாருடைய பாட்டரி எந்த வருஷம் போயிற்று, என்ன விலை கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆயிரம் பேர் கணக்கு ஒரே நோட்டில் சேர்ந்தால், அதன்முன் கம்பெனியும் பதில் சொல்ல வேண்டும், சர்க்காரும் பதில் சொல்ல வேண்டும்.

வண்டியைச் செய்தவர்கள் தொழிலாளர்கள். அதற்கு மான்யம் கொடுத்தது மக்கள் பணம். அதை ஓட்டி உழைக்கிறவர்கள் நாம். பாட்டரி போகிற அன்று மட்டும் நாம் அனாதைகளா? இல்லை என்று சொல்லும் பலம் நம் ஒற்றுமைக்கு உண்டு, தோழர்களே!