முக்கோணத்தின் நிறத்தை நம்பி இருக்கலாமா?

(ஏலத்தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேனி, கம்பம், போடியிலிருந்து மலையேறி வந்து இடுக்கி ஏலத்தோட்டங்களில் பாடுபடுவோர் நம் மக்கள். ஆண்டில் பல தடவை மருந்து அடிக்கும் பயிர் ஏலம். மருந்து அடிப்பவர் நம் வீட்டு ஆண். அடித்த செடியின் தூரில் குனிந்து காய் எடுப்பவர் நம் வீட்டுப் பெண்.

ரயில்வே அலுவலகத்தில் காகிதம் புரட்டிப் பழகியவர்கள் நாம். மருந்து டப்பாவில் ஒட்டிய காகிதத்தையும் படித்தோம். அதில் ஒரு முக்கோணம் உண்டு. சிவப்பு என்றால் கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். ஆனால் அந்த நிறம் சொல்வது, உடனே ஆளைக் கொல்லுமா என்பதைத்தான். இருபது ஆண்டு கழித்துப் புற்றுநோய் வருமா என்பதை அது சொல்லாது!

மாலத்தியானுக்குச் சிவப்பு முக்கோணம் கிடையாது. ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2015இல் மாலத்தியானையும் களைக்கொல்லியான கிளைபோசேட்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று வகைப்படுத்தியது. அதே வகையில் சேர்க்கப்பட்ட டயசினானை இந்திய அரசு 2018இல் தடை செய்தது.

தொட்டவருக்கெல்லாம் நோய் வரும் என்று நாம் பயமுறுத்தவில்லை. உடம்பில் படுவது கூடக்கூட ஆபத்தும் கூடும். ஆகவே படுவதைக் குறைக்க வேண்டும். மருந்து பெரும்பாலும் தோல் வழியாகவே உள்ளே போகிறது. கையால் கலக்காதீர்கள். காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வெற்றிலையோ பீடியோ தொடாதீர்கள். மருந்து பட்ட துணியைப் பிள்ளைகளின் துணியோடு துவைக்காதீர்கள். காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள். அடித்த இடத்தில் உடனே காய் எடுக்கச் சொன்னால், முடியாது என்று சேர்ந்து சொல்லுங்கள்.

கையுறைக்குக் காசு ஏது என்கிறீர்களா? 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த 1971ஆம் ஆண்டு விதிகள், மருந்து அடிப்பவருக்குப் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்கின்றன. இது முதலாளி போடும் பிச்சையன்று, நமது உரிமை!

இதே கேரளத்தில், காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். மக்கள் விடாமல் போராடினார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. தனியாளாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆகவே தோழர்களே, அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் கூலியோடு கையுறையும், சோப்பும், கழுவத் தண்ணீரும், மருத்துவப் பரிசோதனையும் சேர்த்தே கேட்போம். ஒன்றுபட்டுக் கேட்போம்!