சுவரில் யானை, வாசலில் மின்வேலி



"தங்கும் விடுதிகள் கலையை வாழ வைக்கின்றனவா? விலை வைக்கின்றனவா?" இதுதான் தலைப்பு. வாழ வைக்கின்றன என்று தம்பி அடித்துப் பேசினார். தில்லி ஐ.டி.சி. மௌரியா விடுதியின் கூரையில் கிருஷேன் கன்னா வரைந்த 'மாபெரும் ஊர்வலம்' ஓவியத்தைச் சொன்னார். மீரா முகர்ஜியின் வெண்கல அசோகர் அங்கேதான் நிற்கிறார் என்றார். உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? தம்பி சொன்ன ரெண்டுக்கும் பேர் இருக்கு. நான் கேட்க வந்தது பேர் இல்லாத சுவரைப் பற்றி.

போன கோடையில் குடும்பத்தோடு தெப்பக்காடு பக்கம் போனேன். எந்த விடுதி என்று சொல்ல மாட்டேன், வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் காசு இல்லை. (சிரிப்பு) அறைக்குள் போனால் கட்டில் யானை, விளக்கு யானை, மேசைக்கால் யானை. குழாயைத் திறந்தால் தும்பிக்கை வழியாத் தண்ணி வருது. என் மனைவி கேட்டாங்க, "இத்தனை யானைக்கு நடுவுல எப்படிங்க தூங்கறது?" நான் சொன்னேன், "முப்பது வருஷமா என் குறட்டைக்கு நடுவுல தூங்கலையா?" (சிரிப்பு, கைதட்டல்)

சுவரில் ஓர் ஓவியம். தேன் எடுக்கப் பாறையில் தொங்கும் மனிதர்கள், கோடு கோடாக. பார்த்ததும் தெரிந்தது, ஆலு குறும்பர் பாணி. வேங்கை மரத்துப் பிசின், கரி, பச்சிலைச் சாறு இவற்றால் எழுதுகிற மரபு அது. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் 'எழுத்துப்பாறை' என்றே ஒரு பாறை இருக்கிறது, பழைய ஓவியங்களோடு. அந்த மண்ணின் கோடு, இங்கே பிளாஸ்டிக் பெயிண்டில் நிற்கிறது! மேலாளரைக் கேட்டேன், "தம்பி, இதை வரைஞ்சது யாரு?" "டிசைனர் சார்." "டிசைனருக்கு வரைஞ்சு குடுத்தது யாரு?" "லோக்கல் ஆளுங்க சார்." அந்த 'லோக்கல் ஆளு'க்குப் பேர் கிடையாதா? சமையலறைப் பாத்திரத்தில் கூடப் பேர் வெட்டி வைக்கிற சமுதாயமய்யா நாம! (கைதட்டல்)

ஜன்னல் திரையை விலக்கினேன். வெளியே மின்வேலி. சுவரில் இருக்கிற யானைக்கு ஏ.சி., நடந்து வருகிற யானைக்கு ஷாக்!

இது என் ஒருவனின் புலம்பல் இல்லை, நடுவர் அவர்களே. சீகூர்ப் பீடபூமி யானைகள் இடம்பெயரும் வழி. 2010-இல் தமிழக அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2018 ஆகஸ்டில் 27 விடுதிகளை 48 மணி நேரத்தில் மூடி முத்திரையிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 அக்டோபரில் அந்த அறிவிப்பு செல்லும் என்றே தீர்ப்பும் வந்தது. அங்கே வேலை பார்த்த ஏழைகள் என்ன ஆனார்கள் என்று எதிரணி கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா யானை யாரிடம் மனு கொடுக்கும்? மலையையே யானையாக உவமித்து, அதில் எழும் ஓசையை மதநீராகக் கண்டு, 'மலைபடுகடாம்' என்று பாட்டுக்குப் பேர் வைத்தவன் தமிழன். அந்த யானை நடக்க இடம் கேட்கிறது.

விடுதியே கூடாதா என்றால், அப்படிச் சொல்லவில்லை. இலங்கைக்குப் போய்ப் பாருங்க. ஜெஃப்ரி பாவா கட்டிய கண்டலம விடுதி, 1994-இல் திறந்தது. சிகிரியாப் பாறையின் அடியில் இடம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்று விலகிப் போனார். தூரத்தில் ஏரிக்கரையில் கட்டி, அங்கிருந்து சிகிரியாவைப் பார்க்க வைத்தார். பாறையை உடைக்காமல் உள்ளேயே விட்டார். மழைத்தண்ணீர் கட்டடத்துக்கு அடியில் ஓடி ஏரிக்குப் போகட்டும் என்று தூக்கிக் கட்டினார். கொடி படர்ந்து சுவரே தெரியாது. மாடிப்படியில் லக்கி சேனநாயக்கவின் பெரிய ஆந்தை சிறகு விரித்து நிற்கிறது. செய்தவர் பேர் ஊருக்கே தெரியும். இந்த ஒரு விடுதிக்காக எதிரணிக்கு அரை மதிப்பெண் தரலாம், முழுசாத் தர முடியாது. (சிரிப்பு)

இன்னொன்று, நம்ம மலையிலேயே நடந்தது. உண்ணிச்செடி தெரியுமா? லாண்டானா. வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்குக் கொண்டு வந்தான், காட்டையே விழுங்கிவிட்டது. அந்தக் களையை வெட்டி, தண்டை வேகவைத்து, இரும்புச் சட்டத்தில் வளைத்து, ஆளுயரத்துக்கு மேல் யானைகள் செய்தார்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர். ஏறத்தாழ 200 பேர். ஒவ்வொரு பொம்மையும் நீலகிரியில் நிஜமாய் நடமாடும் ஒரு யானையின் உருவம்! 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-இல் 100 யானைகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நியூயார்க் தெருவில் நின்றன. காடும் சுத்தமாச்சு, செய்தவனுக்குக் கூலியும் ஆச்சு, யானையின் கதையும் ஊர் சுற்றியது. இதுக்கு எந்த ஐந்து நட்சத்திரமும் தேவைப்படலே.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மையாருக்கு ஒரே கேள்வி. தெப்பக்காட்டு விடுதிச் சுவரில் தொங்கும் படத்துக்கு அறை வாடகையோடு சேர்த்துப் பணம் வாங்குகிறார்கள். அதில் வரைந்தவன் கைக்கு எத்தனை பைசா போச்சு? கணக்கைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார், நான் உட்கார்ந்து கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)