கொல்லைப்புறத்தையும் கொஞ்சம் பாருங்கள்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், தொழில் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். என்னை "இளவேனில் காலத்தில் வீடும் சுற்றுப்புறமும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். தலைப்பு அழகாக இருக்கிறது. வேம்பு பூக்கிற காலம், புங்கமரம் துளிர்க்கிற காலம், குயில் கூவுகிற காலம். ஆனால் நான் சொல்லப்போவது என் வீட்டு விறகுக் குவியலைப் பற்றி.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கத்திரி தொடங்கின நேரம். அன்றைக்குச் சாயந்தரம் ஒரு கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. உள்ளே புழுக்கம் தாங்காமல் பிள்ளைகள் எல்லாம் திண்ணையிலும் முற்றத்திலும் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். அதில் என் ஓரகத்தி மகனும் ஒருவன். அப்போது அவனுக்கு ஒன்பது வயசு. ராத்திரி மூணு மணிக்கு என்னை எழுப்பி, "பெரியம்மா, வயிறு வலிக்குது"ன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நுங்கு அதிகமா தின்னுட்டடா"ன்னு சொல்லி, ஓமத் தண்ணி வச்சுக் குடுத்தேன். உடம்பில் ஒரு காயம் இல்லை, ரத்தம் இல்லை. நான் எப்படி வேறு நினைப்பேன்?

அரை மணி நேரம் போச்சு. பக்கத்து வீட்டில் இருந்து எங்க குழுவில் ஒரு சின்னப் பெண் வந்து பார்த்தாள். "அக்கா, பையனுக்குக் கண்ணு சொருகுது, இமையைத் தூக்க முடியல. இது வயித்து வலி இல்லக்கா"ன்னு சொல்லி அவளே 108க்குப் போன் போட்டாள். தெருவில் பெரியவர்கள், "முதல்ல மந்திரிக்கக் கூட்டிட்டுப் போங்க"ன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். அவள் விடவில்லை. வண்டி வந்தது. அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, மூச்சுக்குக் குழாய் வைத்து, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எட்டு நாள் கழித்துத்தான் பிள்ளை வீட்டுக்கு வந்தான்.

கடித்தது கட்டுவிரியன். டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடிப்பது எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாமல் போகலாம். வீக்கம் இருக்காது. வயிற்று வலி, வாந்தி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, அப்புறம் மூச்சு முட்டுவது. தரையில் படுத்த பிள்ளை விடியற்காலம் வயிறு வலிக்குதுன்னு சொன்னால், தயவுசெய்து இமையைப் பாருங்கள். எனக்கு வந்த புத்தி, உங்களுக்கு முன்னாலேயே வரட்டும்.

மூணாம் நாள் ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து தேடினார்கள். பாம்பு எங்கே இருந்தது? என் கொல்லைப்புறத்தில், ரெண்டு வருஷமாக நான் அசைக்காமல் வைத்திருந்த விறகுக் குவியலுக்குள். அடித்துக் கொன்றார்கள். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. பாம்பு செத்தது, குவியல் அப்படியே இருக்கு, அதுக்குள்ள எலி அப்படியே இருக்கு. இன்னொரு பாம்பு வர எத்தனை நாள் ஆகும்? அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் சுவர்கூட இல்லை. என் குப்பை, அவங்க பிள்ளை. இதை என் ஓரகத்தி ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் அழுதுகொண்டேதான் இதைப் பேசினேன். அன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்: ஒவ்வொரு வருஷமும் பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை, எல்லார் வீட்டுக் கொல்லையையும் எல்லாரும் சேர்ந்து சுத்தம் செய்வது.

எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். வெறுங்கையை எந்தக் குவியலிலும் விடக் கூடாது. முதலில் கம்பால் தட்டி, மண்வெட்டியால் இழுக்க வேண்டும். காலில் செருப்பு கட்டாயம். விறகு, ஓடு, செங்கல் எல்லாவற்றையும் சுவரை விட்டுத் தள்ளி, கல் வைத்து ஒரு அடி உயரத்தில் அடுக்குகிறோம். எலி வளையை அடைக்கிறோம். நெல்லையும் தவிட்டையும் மூடி போட்ட டிரம்மில் வைக்கிறோம். கோழிக் கூட்டைப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. சருகைக் கொளுத்துவதில்லை, கொல்லைக் கோடியில் குழி வெட்டிப் போட்டால் மக்கி, முருங்கைக்கும் வாழைக்கும் உரம். தேங்காய்த் தொட்டி, பழைய டயர், உடைந்த குடம் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுகிறோம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரத்திலேயே கொசுவாகிப் பறந்துவிடும்.

பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வையுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைக் கட்டி, அடிப்பக்கத்தைப் பாய்க்குக் கீழே நன்றாகச் செருகிவிடுங்கள். கொசுவும் வராது, கட்டுவிரியனும் வராது. ராத்திரி வெளியே போனால் டார்ச் வேண்டும்.

அப்படியும் கடித்துவிட்டால்? பதறி ஓட விடாதீர்கள். வளையல், மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கை காலை ஒரு குச்சி வைத்து அசையாமல் துணியால் சுற்றி, 108ஐக் கூப்பிடுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் மருந்து தயாராகிறது. அதில் பெண்களும் உறுப்பினர்கள். நம்மைப் போல ஒரு சங்கம்தான், அக்கா. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் பிடித்த பாம்பின் விஷம்தான் எங்க பிள்ளையின் உடம்பில் மருந்தாகப் போனது. அதற்கப்புறம் பாம்பைப் பார்த்தால் கம்பு எடுக்க மனசு வருவதில்லை. தூரமாக நின்று, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்கிறோம். அவர்கள் வந்து பிடித்துப் போகிறார்கள். சாரைப் பாம்பு என்றால் அதுகூட வேண்டாம். அதற்கு விஷமில்லை, எலியைத் தின்று நமக்கு உதவி செய்கிறது.

சுத்தம் என்றால் மொட்டையடிப்பது இல்லை. வேலியோரத்துச் செடிகளையும் வேப்ப மரத்தையும் விட்டுவைத்தோம். செம்போத்தும் தவிட்டுக்குருவியும் அணிலும் அங்கேதான் இருக்கின்றன. வெயிலுக்கு அவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அகலமான மண் தட்டில், வாசலை விட்டுத் தள்ளி, உயரத்தில் வையுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள். எங்க தெருவில் இது பிள்ளைகளின் வேலை.

கடைசியாக ஒன்று. முதல் வருஷம் ஊரணிக் கரையில் இருந்த முள்ளையும் வெட்டினோம். பாதை தெரிந்தது. "இதுல நடக்கலாமே"ன்னு ஒருத்தி சொன்னாள். எங்க குழுவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர். "வேலை செய்யறோமே, அது போதாதா?"ன்னுதான் நானும் கேட்டேன். ஆனால் தையல் மிஷினில் உட்காருவதும், கூடை பின்னுவதும் நடை ஆகாது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது சுறுசுறுப்பான நடை வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரை மணி நேரம், ஐந்து நாள், அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்கு முன் காலையிலோ, அல்லது ஐந்தரைக்கு மேல் சாயந்தரத்திலோ போகிறோம். மாமியார்கள் மெதுவாக, மருமகள்கள் வேகமாக. சண்டை போட்டவர்கள்கூட ரெண்டாவது சுற்றில் பேசிவிடுகிறார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நொண்டியும் கபடியும் ஆடுகிறார்கள். தினம் ஒரு மணி நேரம் அவர்களுக்கு ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். திரும்பி வந்ததும் எல்லாருக்கும் ஒரு சொம்பு மோர்.

அந்தக் கபடியில் இன்றைக்கு யார் அதிகமாகக் கத்துகிறான் தெரியுமா? என் ஓரகத்தி மகன். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். அவன் மூச்சு விடாமல் "கபடி கபடி"ன்னு சொல்லும்போதெல்லாம் அந்தக் குழாய் வைத்த எட்டு நாள் என் கண் முன்னால் வரும்.

நான் உங்களிடம் பணம் கேட்கவில்லை. ஊருக்குப் போனதும் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். முதல் வீடாக உங்கள் வீட்டுக் கொல்லையையே காட்டுங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டுக்கொண்டு ரெண்டு வருஷம் யாரையும் அந்தப் பக்கம் விடாமல் இருந்தேன். அதற்கு என் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை விலை கொடுக்கப் பார்த்தான்.

அன்றைக்கு 108க்குப் போன் போட்ட எங்கள் தங்கைக்கு நன்றி.