கண்டதும் கேட்டதும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தபோது, கல்வி, சிக்கனம், கலியாணச் செலவு என்னும் வழக்கமான விஷயங்களே முதலில் எம் நினைவுக்கு வந்தன. அவைபற்றி நம்முள் வல்லோர் பலர் பேசியிருக்கின்றனர். ஆதலின் யாம், நாம் அனைவரும் நாள்தோறும் செய்வதும், செய்கின்றோம் என்று நினையாததுமான ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டோம். அஃதாவது, ஒருவர் சொல்லக் கேட்டதை மற்றொருவர்க்குச் சொல்லுதல். இதுவும் ஒரு விஷயமோ என்று சிலர் நகைக்கலாம். இதனால் ஒரு பெண்ணின் வாழ்வு கலங்கவும் ஓர் உயிர் போகவும் கூடும் என்பதை எடுத்துக்காட்டுவதே எமது நோக்கம்.

ஒன்றை அறிதற்குக் கருவியாக உள்ளவற்றை நம் முன்னோர் அளவை என்றனர். வடநூலார் பிரமாணம் என்பர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தகுந்தார் சொல்லால் அறிவது உரை. மணிமேகலையின் 27ஆம் காதை இவ்வளவைகளைப் பத்தாக விரித்துரைக்கின்றது. அவற்றுள் ஐதிகம் என்பதும் ஒன்று. இன்ன மரத்தில் ஒரு தெய்வம் உறைகின்றது என்று உலகத்தார் சொல்லிவருவதைக் கேட்டுத் தெளிதல் அதற்கு எடுத்துக்காட்டு.

அளவைகளைச் சொன்னதோடு நில்லாமல், அறிவுக்கு நேரும் எட்டுக் குற்றங்களையும் அக்காதை கூறுகின்றது. எதிரே நிற்பது கட்டையோ மனிதனோ என்று துணியமாட்டாமல் மயங்குதல் ஐயம். கிளிஞ்சலை வெள்ளியென்று மாறாகக் கொள்ளுதல் திரியக் கோடல். ஆராய்ந்து பாராமலே கட்டையை மனிதன் என்று முடிவுகட்டுதல் தேராது தெளிதல். ஐயமும் குற்றமே எனினும், தேராது தெளிதலினும் அது தீங்கு குறைந்தது என்பது எம் கருத்து. ஐயமுற்றவன் விளக்கை எடுத்துக்கொண்டு அருகே சென்று பார்ப்பான். தேராது தெளிந்தவனோ கல்லை எடுத்து எறிவான்.

நிற்க. நம் தாய்மொழியில் இவ்விஷயத்துக்கென்றே அமைந்த சிறு சொற்கள் உள. ‘அவன் வந்தான்’ என்பவர் தாம் அறிந்ததாகப் பொறுப்பேற்றுச் சொல்லுகின்றார். ‘அவன் வந்தான் போலும்’ என்பவர் ஊகித்துச் சொல்லுகின்றார். ‘அவன் வந்தானாம்’ என்பவரோ, ‘பிறர் சொல்லக் கேட்டேன், பொறுப்பு எனதன்று’ என்று அந்த ‘ஆம்’ என்னும் சிறு சொல்லாலேயே தெரிவித்துவிடுகின்றார். இவ்வளவு எளிதாக நேர்மையுடன் பேசுதற்கு வழி செய்துள்ள மொழியைப் பெற்றும் நாம் செய்வது என்ன? ஆள் மாறுந்தோறும் ஒரு சொல் உதிர்கின்றது. சொல் உதிருந்தோறும் செய்திக்கு வலிமை ஏறுகின்றது. காலையில் ‘போலும்’ என்று புறப்பட்டது, பகலில் ‘ஆம்’ என்றாகி, மாலையில் இரண்டையும் இழந்து உறுதிச் செய்தியாய் வீடு வந்து சேர்கின்றது. இடையில் ஒருவரும் பொய் சொல்லவில்லை; எனினும் பொய் பிறந்துவிட்டது.

பிறரைக் குறைகூற யாம் இங்கு நிற்கவில்லை. எமது பிழையொன்றையே சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்குமுன் நம்மவருள் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு வரன் பேசி நிச்சயதாம்பூலத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். பிள்ளைவீட்டார் எமக்கு மிகவும் வேண்டியவர்கள். அக்காலத்தில் ஒரு கலியாணப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருந்தவர், ‘அந்தப் பெண்ணுக்கு வலிப்பு உண்டாமே, தெரியுமோ?’ என்றார். மறுநாள் யாம் பிள்ளைவீட்டாரைக் கண்டபோது, ‘பெண்ணுக்கு வலிப்பு உண்டு’ என்று சொல்லிவிட்டோம். பந்தியில் சொன்னவர் வாயில் ‘ஆம்’ இருந்தது. எம் வாயில் அது இல்லாமற் போயிற்று. பகை ஒன்றுமில்லை. அறிந்தவர் போலக் காட்டிக்கொள்ளும் ஆசையொன்றே காரணம்.

தாம்பூலம் நின்றது. நான்கு நாட்களில் பெண்ணின் தாய்மாமன் எம் வீட்டுக்கு வந்தார். அவர் சண்டையிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, ‘ஐயா, தாங்கள் கண்ணால் கண்டதுண்டோ?’ என்று ஒரே வினா வினவினார். எம்மிடம் விடையில்லை. அவர் கொடுத்த தண்ணீரையும் பருகாமல் எழுந்து போயினார்.

அதன் பின்னரே யாம் விசாரிக்கத் தொடங்கினோம். பந்தியில் சொன்னவரையும், அவருக்குச் சொன்னவரையும் தேடிச் சென்று, முடிவில் நேரே கண்ட ஓர் அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் கண்டது இவ்வளவே: ஆடித் திருவிழாவில் நாள் முழுதும் விரதமிருந்த அப்பெண் கூட்டத்தில் வெயில் தாளாமல் மயங்கி விழுந்தாள், முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து நடந்தாள். அம்மையார் ‘மயங்கி விழுந்தாள்’ என்றே சொல்லியிருக்கின்றார். கேட்டவர் ‘வலிப்புப் போலும்’ என்றார். பந்தியில் அது ‘வலிப்பாம்’ ஆயிற்று. எம்மால் அது ‘வலிப்பு’ ஆயிற்று. வலிப்பென்பதும் மருந்தினால் பெரும்பாலோர்க்கு அடங்கும் நோயேயன்றி இழிவன்று. ஆனால் அன்று அதனைச் சொல்லும் துணிவும் எமக்கில்லை. யாம் பிள்ளைவீட்டாரிடம் சென்று உண்மையைச் சொல்லுமுன் அவர்கள் வேறிடத்தில் முடித்துவிட்டார்கள். அப்பெண்ணுக்கு மூன்றாண்டு கழித்து நல்ல இடத்தில் கலியாணம் நடந்தது. அந்த மூன்றாண்டும் எமது கணக்கிலேயே நிற்கின்றன.

இத்தகைய சமயங்களில் நம்மவர் ஒரு பழமொழியைத் துணைக்கு அழைப்பர்: ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்பர். புகையைக் கண்டு நெருப்பை உணர்தல் சரியான கருதலே. ஆனால் கண்டது புகைதானா என்பதே முதற்கேள்வி. ஆவியோ பனியோ என்று ஐயுறத்தக்க ஒன்றை வைத்துக்கொண்டு நெருப்பு உண்டென்று துணிவதை, மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப் போலிகளுள் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கின்றது. மயங்கி விழுந்தது பனி. அதனைப் புகையென்று கொண்டவர் நாம்.

கண்ணாற் கண்டதிலும் இப்பகுப்பு வேண்டும். 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், பிள்ளையார் விக்கிரகம் பால் பருகுகின்றது என்னும் செய்தி ஒரே பகலில் நாடெங்கும் பரவிக் கடலும் கடந்தது. கரண்டியில் ஏந்திய பால் குறைந்ததைப் பல்லாயிரவர் கண்டனர். அவர்கள் கண்டது பொய்யன்று. விஞ்ஞானிகள் பாலில் நிறங்கலந்து வைத்துப் பார்த்தபோது, அது விக்கிரகத்தின் மேனியில் மெல்லிய படலமாகப் பரவிக் கீழே வழிவது தெரிந்தது. பால் குறைந்தது காட்சி. பருகியது என்பது கருதல். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியதே பிழை. பக்திக்கு இதனாற் குறைவொன்றுமில்லை. கணபதியைத் தொழுவார்க்குக் கரண்டிப் பால் சாட்சியாக வேண்டியதில்லை.

இனி, உயிர்போன கதைகளுக்கு வருகின்றோம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ஒரு பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, ஆராயாமல் ஆணையிட்டான் என்பது யாவரும் அறிந்தது. அக்கதையில் நாம் கவனியாது போகும் இடமொன்று உண்டு. கொல்லச் சென்ற காவலர்க்கே ஐயம் பிறக்கின்றது. கோவலனது தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லன் கள்வரின் திறமைகளைப்பற்றிக் கதைமேற் கதை சொல்லி அவ்வையத்தை அடக்குகின்றான். அதற்குள் கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். ஐயம் இருந்தது, அதற்கு ஒரு நாழிகை கொடுப்பார் இல்லை.

அது பழங்கதை என்பீர்கள். 2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர், உறவினரோடு மோட்டார் வண்டியில் தம் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டார். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி வழி கேட்டனர். அங்கிருந்த சிறுவர்க்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்னும் வதந்தி வாட்ஸப் வழியே முன்னமே அப்பகுதியிற் பரவியிருந்தது. ஊரார் திரண்டு அடித்தனர். மூதாட்டி இறந்தார், உடன் சென்றவர்கள் படுகாயமுற்றனர்.

சகோதரர்களே! குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது பாதை தெரியாமல் ஊர் முனையில் நின்று வழி கேளாதவர் இச்சபையில் எவரேனும் உளரோ? குழந்தையைக் கண்டு கையிலுள்ள தின்பண்டத்தைக் கொடாத பாட்டி நம் வீடுகளில் உளரோ? அடித்தவர் அனைவரும் கொடியர் அல்லர். பலர் பிள்ளைகளைப் பெற்றவர், அச்சத்தால் வந்தவர். அவ்வச்சத்தை அவர்கள் நெஞ்சில் நட்டவர் எத்தனை பேர்? அச்செய்தியைப் பெற்றுப் பிறர்க்கு அனுப்பிய ஒவ்வொருவரும் அன்றோ? அவர்களும் நன்மை கருதியே அனுப்பியிருப்பர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் வந்த செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பவொண்ணாதபடி வரம்பிட்டது. ஐந்தென்னும் வரம்பை இயந்திரம் இட்டது. ஐந்திற்குக் கீழே இடவேண்டிய வரம்பு நம் மனத்திலேயே உள்ளது.

உயிரோடு பொருளும் போவதுண்டு. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோழியாலும் முட்டையாலும் கொரோனா பரவும் என்ற ஆதாரமற்ற பேச்சினால் நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் அடைந்த நட்டத்தை நம்முள் வியாபாரிகள் நன்கு அறிவர்.

இவ்வளவும் கேட்டபின் சிலர், ‘இனி எவர் எது சொன்னாலும் நம்போம்’ என்று புறப்படுவர். அதுவும் தவறே. திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்னும் 51ஆம் அதிகாரத்தை வள்ளுவர் முடிக்குமிடத்தில், ஆராயாமல் ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் அவரை ஐயுறுதலும் ஆகிய இரண்டும் தீராத துன்பம் தரும் என்கின்றார். 2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்குத் தடுப்பூசி இடும் முயற்சி தொடங்கியபோது, கைப்பேசி வழி வந்த வதந்திகளால் பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். வைத்தியரை நூறு கேள்வி கேட்டவர், பெயரும் ஊருமில்லாத அச்செய்தியை ஒரு கேள்வியும் கேட்டாரில்லை. ஐயத்தை ஒரு பக்கமே செலுத்துதல் ஐயம் ஆகாது. அது மற்றொரு பக்கத்தைக் கண்மூடி நம்புதலேயாம்.

ஆயின் கேட்டதையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தால் உலக வாழ்க்கை நடவாதே என்று வினவலாம். உண்மை. விறகை நிறுப்பதற்குப் பொன் தராசை எடுப்பாரில்லை. பொன்னை விறகுத் தராசில் இடுவாருமில்லை. பக்கத்தூரில் மழை பெய்ததென்று ஒருவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். பொய்யாயினும் ஒருவர்க்கும் கேடில்லை. ஒருவரது நடத்தை, நோய், கடன், குடும்பத்து மானம், வேற்று ஜாதியார் வேற்று மதத்தார் செய்ததாகச் சொல்லப்படும் தீங்கு ஆகிய இவை பொன் தராசுக்குரியவை. செய்தி பொய்யானால் யாருக்கு எவ்வளவு கேடு என்பதே தராசைத் தெரிந்தெடுக்கும் அளவு.

அப்பொன் தராசில் இடவேண்டிய கேள்விகள் மூன்று. இவர் கண்டாரா, கேட்டாரா? கேட்டதாயின், நேரே கண்டவர் யார்? உண்மையேயாயினும், யாம் இதனை இவரிடம் சொல்வதால் விளையும் நன்மை யாது? மூன்றாவதற்கு விடையில்லையாயின், முதலிரண்டையும் கேட்கவேண்டியதேயில்லை, வாய்மூடியிருத்தலே போதும்.

இறுதியாக ஒன்று. நம் சமூகத்தில் பெரியவர் சொன்னதைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவென்று கருதப்படுகின்றது. சொல்லை ஐயுறுதல் வேறு. சொல்லியவரை ஐயுறுதல் வேறு. ‘அது பொய்’ என்பது அவமதிப்பு. ‘தாங்கள் இதனை யாரிடம் கேட்டீர்கள்?’ என்பது அவமதிப்பாகாது. எம் திண்ணையில் அமர்ந்து அத்தாய்மாமன் கேட்டது அத்தகைய வினாவே. அதனை யாம் பந்தியிலேயே கேட்டிருப்போமாயின், அவர் எம் வீட்டுக்கு வரவேண்டியிருந்திராது. பெரியோர்களாகிய தாங்கள், இளையோர் இவ்வாறு வினவினால் முகஞ்சுளியாமல் விடை கூறுமாறும், விடை தெரியாவிடில் ‘கேட்டதுதான், அப்பா’ என்று சொல்லுமாறும் பணிந்து வேண்டிக்கொள்ளுகின்றோம்.

நம் சங்கத்தில் தீர்மானங்கள் பல நிறைவேற்றியிருக்கின்றோம். இதற்குத் தீர்மானம் வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டில், கேட்டதைச் சொல்லும்போது அந்த ‘ஆம்’ என்னும் சிறு சொல்லை உதிர்த்துவிடாமல் காப்போமானால் அதுவே போதும்.