வெங்காயத்தின் அழகிய உறவினர்

நாள்தோறும் நாம் உண்ணும் வெங்காயத்திற்கு, மலருக்காகவே வளர்க்கப்பெறும் உறவினர் சிலர் உளர். ஈரான், துருக்மெனிஸ்தான் முதலிய நாடுகளில் இயற்கையாக வளரும் ‘பாரசீக விண்மீன்’ அவற்றுள் ஒன்று. தண்டின் நுனியில் விண்மீன் போன்ற ஊதா மலர்கள் கூடி, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பந்தாகத் திகழும்.

குளிர்நாட்டார் இலையுதிர் காலத்தில், கிழங்கின் உயரத்தைப்போல் மும்மடங்கு ஆழத்தில் அதனை ஊன்றுவர். பனிக்காலக் குளிர் பெற்றாலன்றி அது செவ்வனே பூவாது. ஆதலின் நம் சமவெளிக்கு ஏலாது. பூக்கும் தறுவாயில் இலைகள் பழுக்கும். அவை தாமே காயுமுன் அறுத்தல் ஆகாது. அடுத்த ஆண்டுப் பூவுக்கு உணவு சேர்ப்பன அவையே.

பூந்தலையைத் தண்டிலேயே காயவிட்டு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால், நீரின்றியே பல திங்கள் வீட்டை அணிசெய்யும். ஆனால் செடி அதனைப் படைத்தது நமக்காகவோ? இவ்வினத்தைச் சேர்ந்த ‘ஷூபர்ட்டி’ என்னும் செடியின் உலர்ந்த தலை முறிந்து, காற்றில் உருண்டு, வழியெல்லாம் விதை தூவும். நமக்கு அணி, செடிக்கோ அது விதை வண்டி! ஆகவே, ஜாடியில் வைக்குமுன் விதைகளை உதிர்த்து மண்ணுக்கு அளித்தல் நம் கடன்.

விதை பரவுதலை நான் வெங்காயப் பூவைக் காட்டியே கற்பித்து வந்தேன். விதைக்கென விட்ட வெங்காயப் பாத்தியில் இதே பந்தை, சிறிய வடிவில், நீங்களும் காணலாம். சென்று உற்று நோக்குங்கள்.