வெடிமருந்தும் ஒரு சொல்லும்

உதகமண்டலத்திற்கு மலை இரயிலில் செல்வோர் அருவங்காடு நிலையத்தை அறிவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த தொழிற்சாலைக்குக் 'கார்டைட்' என்னும் வெடிமருந்தே பெயர் தந்தது. அம்மருந்தைப் பற்றி இங்கிலாந்தில் நடந்த வழக்கை நினைக்குந்தோறும், புதியது எது, பழையது எது என்று தீர்ப்பது எத்துணை அரிது என்று நான் எண்ணுவதுண்டு.

வெடிபஞ்சு 1846-லும், நைட்ரோகிளிசரின் 1847-லும் உலகிற்குத் தெரியவந்தன. 1875-ல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு நைட்ரோ பஞ்சைக் கரைத்துப் பாறை பிளக்கும் மருந்தொன்றைச் செய்தார். 1887-ல் அதே இரண்டையும் ஏறத்தாழச் சம அளவில் சேர்த்து, கற்பூரமும் கூட்டி, 'பாலிஸ்டைட்' என்று பெயரிட்டுக் காப்புரிமை கோரினார்.

“சரக்கு பழையதுதானே? அளவு ஒன்றுதானே மாறியது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் அளவு மாற்றத்திற்கு உரிமை கிடைப்பது அரிது. ஆனால் அம்மாற்றத்தினால் எவரும் எதிர்பாராத பயன் விளைந்ததா என்று பார்க்க வேண்டும். இங்கே விளைந்தது. தனித்தனியே அனைத்தையும் சிதறடிக்கும் இரு மருந்துகள், ஒன்றுசேர்ந்ததும் அடங்கி, படிப்படியாக எரிந்து, துப்பாக்கிக் குழாயை உடைக்காமல் குண்டை உந்தின. புகையும் மிகக் குறைவு. ஆகவே அது புதுமையே என்பது என் துணிபு.

நோபல் தம் மருந்தின் விவரங்களைப் பிரிட்டிஷ் அரசின் குழுவினருக்குத் தெரிவித்தார். அக்குழுவிலிருந்த ஏபெல், டிவார் என்னும் அறிஞர் இருவரும் 1889-ல் கார்டைட்டுக்கு உரிமை பெற்றனர். நோபலின் ஆவணம், பஞ்சு 'கரையும் வகை'யைச் சேர்ந்தது என்றது. இவர்களோ கரையாத வகையை எடுத்து அசிட்டோனால் இளக்கினார்கள். நைட்ரோகிளிசரின் 58, பஞ்சு 37, வாசலின் 5 என்று பங்கிட்டார்கள்.

வழக்கு மூன்று மன்றங்களைக் கண்டது. 1895-ல் பிரபுக்கள் சபையிலும் நோபல் தரப்பு தோற்றது. இடையில் விசாரித்த நீதிபதி கே, பூதத்தின் தோளேறிய குள்ளன் பூதத்தினும் தொலைவு காண்பான் என்று கூறி நோபலுக்காக இரங்கினார். இரக்கம் தீர்ப்பை மாற்றவில்லை.

'எல்லா வகைப் பஞ்சும்' என்று எழுதியிருந்தால், செய்து காட்டாததற்கும் உரிமை கேட்டார் என்ற குறை எழுந்திருக்கலாம். குறுக்கி எழுதினார், பக்கத்து வழியே பிறர் நுழைந்தனர். ஆதலால் ஒரு கண்டுபிடிப்பை எடைபோடுவோர் இரண்டைக் கேட்க வேண்டும்: முன்னோர் செய்ததற்கு மேல் இவர் செய்தது என்ன? அதற்கு இவர் இட்ட வேலி எதுவரை செல்கிறது? முதற் கேள்வியில் வென்ற நோபல், இரண்டாவதில் தோற்றார்.