பெட்கர் கேட்டது வேலை

 

ஒரகடம் பக்கம் ஷிஃப்டுக்குப் போய் மெஷினில் கையையோ, ரோட்டில் காலையோ இழந்து வீட்டோடு முடங்கிய பிள்ளைகள் நம் வாலாஜாபாத்திலும் இருக்கிறார்கள். அதனால்தான் முரளிகாந்த் பெட்கரைப் பற்றிச் சொல்கிறோம்.

மகாராஷ்டிரத்துக்காரர். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்தன; ஒன்று முதுகெலும்பில் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பிறகு நீச்சலுக்கு வந்தார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டரை 37.33 வினாடியில் நீந்தித் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு அதுவே முதல் தங்கம். பத்மஸ்ரீ கொடுத்ததோ 2018இல், 46 வருஷம் கழித்து!

பதக்கத்தைவிட நமக்குப் பெரிதாகப் படுவது வேறு. டாடா நிறுவனம் பண உதவி தர வந்தபோது, பணம் வேண்டாம், வேலை கொடுங்கள் என்று கேட்டாராம். புனே டெல்கோவில் வேலை பார்த்தார்.

சைக்கிள் பந்தயத்திலும் நம்மவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு காலை இழந்த நந்தியால் ஷேக் அர்ஷத் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஓட்டினார்.

அரிசி, பணம் கொடுப்பவர்கள் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கடையில், பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கும், இ.எஸ்.ஐ. உதவித்தொகைக்கும் மனு எழுத நாங்கள் கூட வருகிறோம். ஜும்ஆ முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.